எடை மேடையிலேயே விழும் முதல் அடி

ஆசிய விளையாட்டுப் போட்டி வரை வந்துவிட்டது எம்.எம்.ஏ. கூண்டுக்குள் எந்த அடி செல்லும், எது செல்லாது என்று முப்பது ஆண்டுகளாக விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன. கூண்டுக்கு வெளியே, எடை பார்ப்பதற்கு முந்தைய இரவில், நம் பிள்ளைகளைக் காக்கும் விதி எங்கே?

திண்டிவனம் சாலையில் கோரிமேட்டைத் தாண்டினால் புதுச்சேரி முடிந்துவிடும். அடுத்து மொரட்டாண்டி, விழுப்புரம் மாவட்டம். வேறு அரசு, வேறு போலீஸ், வேறு அனுமதிக் கடிதம். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் அடிபட்டாலும் அந்தப் பக்கம் அடிபட்டாலும் ஆம்புலன்ஸ் தேடி ஓடிவரும் வாசல் ஜிப்மர் மருத்துவமனையுடையதுதான். தலையில் அடி என்றதும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் முதலில் சொல்லும் பெயர் அது.

அதே கோரிமேட்டில் காவலர் மைதானமும் இருக்கிறது. புதுச்சேரி போலீஸ் வேலைக்கான உடற்தகுதித் தேர்வுகள் நடக்கிற மண். ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் உடம்பைக் கொடுக்கத் தயங்காத இளைஞர்கள் நிறைந்த வட்டாரம் இது. சிலம்பம், கராத்தே, குத்துச்சண்டை என்று வளர்ந்த இந்தத் தலைமுறையின் செல்போன் திரையில் இன்று ஓடுவது எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டை. குத்துச்சண்டையின் குத்து, முவாய் தாயின் உதை, மல்யுத்தத்தின் தூக்கிப்போடுதல், ஜியு-ஜிட்சுவின் கழுத்துப்பிடி எல்லாம் ஒரே ஆட்டத்தில் கலக்கிற விளையாட்டு.

இந்த விளையாட்டுக்கு இப்போது பெரிய வாசல் திறந்திருக்கிறது. ஜப்பானின் ஐச்சி-நாகோயாவில் நடக்கும் 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்.எம்.ஏ. முதன்முறையாக இடம்பெறும் என்று 2025 ஏப்ரலில் முடிவானது. உத்தரப் பிரதேசத்தின் புதானாவில் பிறந்த பூஜா தோமர் 2024 ஜூனில் எம்.எம்.ஏ.வின் பெரிய தொழில்முறைத் தொடரான யு.எஃப்.சி. மேடையில் வென்று, அங்கே வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண்ணானார். அதற்கு முந்தைய ஆண்டு ‘ரோடு டு யு.எஃப்.சி.’ தொடரை வென்று ஒப்பந்தம் பெற்றவர் உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்ளி. பதக்கமும் ஒப்பந்தமும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரியத் தொடங்கினால், சின்ன ஊர்களிலும் கூண்டுகள் எழும். எழட்டும். அதற்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசிவிடுவோம்.

விதியில்லாமல் பிறந்த ஆட்டம்

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. நடந்தது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. ஏறக்குறைய அவ்வளவுதான் விதி. எடைப் பிரிவு கிடையாது. மெலிந்த உடல்வாகு கொண்ட ஹோய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனமானவர்களைப் பிடிபோட்டுப் பணியவைத்து வென்றது, பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. மறு ஆண்டு, மூன்றாவது யு.எஃப்.சி.யில் 90 கிலோ அளவிலான கீத் ஹேக்னியின் எதிரே நின்றவர் 270 கிலோவுக்கும் மேல் எடைகொண்ட சுமோ வீரர் இம்மானுவேல் யார்ப்ரோ. வென்றது ஹேக்னி. ஆனாலும் மூன்று மடங்கு எடையுள்ளவரோடு மோதவிட்டு, பிழைத்து வருகிறானா பார்ப்போம் என்பதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவல் சண்டை என்றார். மாநிலம் மாநிலமாகத் தடை வந்தது. பிழைக்க வேண்டுமென்றால் விதி வேண்டும் என்பது அமைப்பாளர்களுக்குப் புரிந்தது. 1997 பிப்ரவரியில் 200 பவுண்டுக்கு மேல், கீழ் என இரண்டு எடைப் பிரிவுகள் வந்தன. அதே ஆண்டு ஜூலையில் கையுறை கட்டாயமானது. தலையால் முட்டுவது, முடியைப் பிடித்து இழுப்பது, இடுப்புக்குக் கீழே அடிப்பது எல்லாம் விலக்கப்பட்டன. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் நியூஜெர்சி மாநிலத்தின் தடகளக் கட்டுப்பாட்டு வாரியம் ‘ஒருங்கிணைந்த விதிகள்’ என்ற தொகுப்பை உருவாக்கியது. ஐந்து நிமிட ரவுண்டுகள் மூன்று, பட்டப் போட்டிக்கு ஐந்து. நடுவர், மருத்துவர், எடைப் பிரிவு, தடைசெய்யப்பட்ட அடிகளின் பட்டியல் என்று இன்று நாம் திரையில் பார்க்கும் எம்.எம்.ஏ.வின் அடித்தளம் அதுதான்.

பிரான்ஸ் நெடுங்காலம் இதை ஏற்கவில்லை. 2020-இல்தான் சட்டப்படி அனுமதித்தது. அதையும் திறந்த கதவாக விடாமல், அந்நாட்டுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பொறுப்பில் வைத்தது. 2022 செப்டம்பரில் பாரிஸில் முதல் யு.எஃப்.சி. நடந்தபோது, விதியும் அதற்குப் பொறுப்பேற்கும் அமைப்பும் ஏற்கெனவே தயாராக இருந்தன. முன்னாள் பிரெஞ்சுப் பகுதியான புதுச்சேரி பாரிஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வரிசை இது: முதலில் பொறுப்பு, பிறகு மேடை.

2024-இல் மாறியது என்ன?

அண்மையில் வந்த பெரிய திருத்தம் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க, கனடிய குத்துச்சண்டை ஆணையங்களின் சங்கம் இரண்டு விதிகளை மாற்றியது.

ஒன்று, முழங்கை. கடிகாரத்தின் 12-லிருந்து 6-க்கு இறங்குவதுபோல் முழங்கையை நேர்கீழாக இறக்குவது அதுவரை தடைசெய்யப்பட்ட அடி. ஜான் ஜோன்ஸ் 2009-இல் மேட் ஹாமிலிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது இந்த அடியால்தான். சாய்வாக இறங்கும் முழங்கைக்கு அனுமதி இருக்கும்போது நேராக இறங்குவதற்கு மட்டும் தடை ஏன் என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. இப்போது அந்தத் தடை நீங்கிவிட்டது.

இரண்டு, ‘தரையில் இருப்பவர்’ யார் என்ற வரையறை. தரையில் இருப்பவரின் தலையில் உதைக்கவோ முழங்காலால் இடிக்கவோ கூடாது. இதைப் பயன்படுத்தி, நின்றுகொண்டே கையைத் தரையில் வைத்துப் பாதுகாப்பு தேடும் பழக்கம் வளர்ந்தது. ஒரு கையா, இரண்டு கையா, விரலா, உள்ளங்கையா என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டது. புதிய விதி எளிமையானது: கைகளும் பாதங்களும் தவிர உடலின் வேறு எந்தப் பகுதியாவது தரையில் பட்டால்தான் அவர் தரையில் இருப்பவர்.

இந்த இரண்டு திருத்தங்களும் முன்பைவிடக் கூடுதலான அடிகளுக்கு இடம் கொடுக்கின்றன. அந்த விலை சிறியதில்லை. ஆனாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய நடுவருக்குத் தெளிவான விதி ஒரு பாதுகாப்பு. தொழில்முறைப் போட்டியாளர்களுக்கு அது சரி. நம் ஊரில் முதல்முறை கூண்டேறும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இந்த விதிகள் பொருந்தவே பொருந்தாது. அவனுக்கென்று அமெச்சூர் விதிகள் தனியாக இருக்கின்றன. சர்வதேச அமெச்சூர் அமைப்பான ஐ.எம்.எம்.ஏ.எஃப். விதிப்படி ரவுண்டுக்கு மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு. தலைக்கு முழங்கை கூடாது, முழங்கால் கூடாது. காலில் கணைக்கால் காப்பு கட்டாயம். திரையில் பார்த்த யு.எஃப்.சி. விதியை அப்படியே உள்ளூர் மேடைக்குக் கொண்டுவரும் அமைப்பாளரிடம் மாஸ்டர்கள்தான் முதலில் ‘கூடாது’ என்று சொல்ல வேண்டும்.

கூண்டுக்கு வெளியே நடக்கும் சண்டை

இத்தனை திருத்தங்களும் கூண்டுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியவை. ஆனால் எம்.எம்.ஏ. உலகை உலுக்கிய மரணங்களில் இரண்டு, ஒரு குத்துகூட விழாமல் நிகழ்ந்தவை.

2013 செப்டம்பரில் பிரேசிலின் லியாண்ட்ரோ சோசா, எடை பார்க்கும் நாளன்று, எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தார். வயது 26. 2015 டிசம்பரில் சீனாவின் யாங் ஜியான் பிங், ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்காக மணிலா வந்தவர், எடை பார்ப்பதற்கு முன்பே சுருண்டு விழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். வயது 21.

இவர்கள் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கவில்லை. வற்றவைத்தது தண்ணீரை. பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடுவது, நீராவி அறையில் உட்காருவது, சுடுநீரில் மூழ்குவது, உப்பை நிறுத்துவது, கடைசி நாளில் தண்ணீரையே நிறுத்துவது, சிலர் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை விழுங்குவது. ‘வெயிட் கட்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லப்படுவது இதைத்தான். எழுபது கிலோ இளைஞர் இரண்டே நாளில் ஐந்து கிலோ இறக்கினால், உடல் எடையில் ஏழு சதவீதம் போகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வியர்க்கத் தண்ணீர் இல்லாததால் உடல் சூடு ஏறுகிறது.

நம் கடற்கரைக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். மே மாதத்துப் புதுச்சேரியில் காற்றே ஈரமாக இருக்கிறது. வியர்வை வழியுமே தவிர உலராது. அந்தப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் கோட்டோடு ஓடுவது வெப்பத்தாக்குக்கு நாமே போய்க் கதவு தட்டுவதாகும். குளிர்நாட்டு வீரர்களின் வீடியோவைப் பார்த்து இதைச் செய்கிற பையன்களுக்கு யாராவது இதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

எடை பார்த்து முடித்ததும் தண்ணீரும் உணவுமாக ஏற்றி, மறுநாள் ஐந்து, ஆறு கிலோ கூடுதலாகக் கூண்டில் நிற்கலாம் என்பதே இதன் கணக்கு. எடை பார்ப்பதை முந்தைய நாளுக்கு மாற்றியது, வற்றிப்போனவர் தேறட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான். கிடைத்த நேரத்தை நம்பி வீரர்கள் இன்னும் அதிகமாக வற்றத் தொடங்கினார்கள். காப்பாற்ற வந்த விதியே ஆபத்தை வளர்த்தது. உடலில் தண்ணீர் முழுதாகத் திரும்பாத நிலையில் தலையில் அடி வாங்கினால் மூளைக்கு என்ன ஆகும் என்ற மருத்துவர்களின் கவலை வேறு.

இந்தியாவுக்கு இந்த வலி புதிதில்லை. 2024 ஆகஸ்ட் 7, பாரிஸ் ஒலிம்பிக். 53 கிலோவில் ஆடிவந்த வினேஷ் போகத் 50 கிலோவுக்கு இறங்கி, முதல் நாளில் ஜப்பானின் யுய் சுசாகி உட்பட மூவரை வீழ்த்தி இறுதிக்கு வந்தார். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல். இரவு முழுக்க உடற்பயிற்சி, முடிவெட்டு, எதுவும் உதவவில்லை. தகுதிநீக்கம். அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமன் செராவத் ஒரே இரவில் 4.6 கிலோ இறக்கித்தான் அந்தப் போட்டியில் நின்றார். 2025 செப்டம்பரில் சாக்ரெப் உலகப் போட்டியில் அவரே 1.7 கிலோ கூடுதலாக நின்று வெளியேற்றப்பட்டார். வினேஷின் அந்த நூறு கிராமுக்காக நாடே கண்ணீர் விட்டது. அந்த இரவில் ஓர் உடல் என்னவெல்லாம் பட்டிருக்கும் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை.

எடைப் பிரிவுகளின் இடைவெளி

யு.எஃப்.சி. பிரிவுகளைக் கிலோவில் பார்த்தால் சிக்கல் புரியும். ஸ்ட்ராவெயிட் 52.2. ஃப்ளைவெயிட் 56.7. பேன்டம்வெயிட் 61.2. ஃபெதர்வெயிட் 65.8. லைட்வெயிட் 70.3. அதுவரை ஏறக்குறைய நாலரை கிலோ இடைவெளி. அடுத்த வெல்டர்வெயிட் 77.1. மிடில்வெயிட் 83.9. லைட் ஹெவிவெயிட் 93. அதற்கு மேல் ஒரேயடியாக 120.2.

இயல்பான எடை 74 கிலோ என்று இருப்பவர் என்ன செய்வார்? நாலு கிலோ வற்ற வேண்டும், இல்லையேல் தன்னைவிடப் பெரிய ஆளோடு மோத வேண்டும். இந்த இடைவெளியை அடைக்க ஆணையங்களின் சங்கம் 2017-இல் 165, 175, 195, 225 பவுண்டு என நான்கு கூடுதல் பிரிவுகளை ஏற்றது. ஆனால் யு.எஃப்.சி. தன் பட்டப் பிரிவுகளை மாற்றவில்லை.

மாற்றிக் காட்டிய முன்னுதாரணங்களும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 1997-இன் கடைசி இரண்டு மாதங்களில் மூன்று மாணவர்கள் எடைக்குறைப்பில் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே நீராவி அறையும் பிளாஸ்டிக் உடையும் தடைசெய்யப்பட்டன. எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். யாங்கின் மரணத்துக்குப் பின் ஒன் சாம்பியன்ஷிப் நீர்வற்றும் எடைக்குறைப்பையே விலக்கியது. வீரரின் அன்றாட எடையைப் பதிவு செய்வது, போட்டி வாரத்தில் எடையோடு சிறுநீரின் அடர்த்தியையும் சோதிப்பது, 1.025-க்கு மேல் போனால் தேறாதவர் என்று நிறுத்துவது என்ற முறை வந்தது. பிரிவுகளையும் மேலே நகர்த்தினார்கள். யு.எஃப்.சி.யில் 56.7 கிலோவான ஃப்ளைவெயிட் அங்கே 61.2. கலிஃபோர்னியா ஆணையம் 2017-இல் பத்து அம்சத் திட்டம் கொண்டுவந்து, எடை பார்த்தபின் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுபவரை மேல் பிரிவுக்குப் போகச் சொன்னது. சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் கருவி கையடக்கமானது. மனமிருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம்.

சென்னையும் பெங்களூரும் சொன்னது

2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த கிக்பாக்சிங் போட்டியில் தலையில் அடி வாங்கி மைசூரு இளைஞர் ஒருவர் இறந்தார். அரங்கில் முறையான மருத்துவ வசதி இல்லை என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். அடுத்த மாதமே சென்னையில், தேசிய கிக்பாக்சிங் போட்டியில் ஆடிய அருணாசலப் பிரதேச வீரர் மயங்கி விழுந்தார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. வடகிழக்கின் மலையிலிருந்து சென்னை வந்த பிள்ளை, சவப்பெட்டியில் திரும்பினான்.

இரண்டும் கிக்பாக்சிங்தான். ஆனால் அடி விழும் மூளை ஒன்றே. நாக்-அவுட்டுக்குப் பிறகான ஓய்வுதான் தலைக்காயத்தில் உயிர் காக்கும் விதி. முதல் அதிர்ச்சியிலிருந்து மூளை மீளும் முன் விழும் இரண்டாவது அடி, லேசாக இருந்தாலும் ஆளைக் கொல்லக்கூடும். அமெச்சூர் குத்துச்சண்டையில் நெடுங்காலமாக இதற்குக் கணக்கு இருக்கிறது: ஒரு நாக்-அவுட் என்றால் குறைந்தது 30 நாள் ஓய்வு, மூன்று மாதத்துக்குள் இரண்டு என்றால் 90 நாள், ஓராண்டில் மூன்று என்றால் முழு ஓராண்டு. வீரரின் பதிவுப் புத்தகத்தில் அது எழுதப்படும். அடுத்த போட்டியில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள்.

எல்லையோரம் வாழ்கிறவர்கள் கவலைப்பட வேண்டியது இங்கேதான். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 33-ஆம் இனம்: விளையாட்டு மாநிலத்தின் பொருள். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளின் தேர்தலையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்தப் பார்க்கிறது, நல்லது. ஆனால் சனிக்கிழமை மாலை ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் போட்டிக்கு மருத்துவர் வந்தாரா என்று டெல்லியிலிருந்து யாரும் பார்க்கப் போவதில்லை. புதுச்சேரியில் நாக்-அவுட் ஆன பையன், அடுத்த வாரம் திண்டிவனத்தில் பெயர் கொடுத்தால் தடுக்க ஒரு பதிவு வேண்டும். இந்தப் பக்கம் அனுமதி மறுக்கப்பட்ட போட்டி, சில கிலோமீட்டர் தள்ளி அந்தப் பக்கம் நடந்துவிடக் கூடாது. ஒரே மருத்துவமனையை நம்பியிருக்கும் இரண்டு அரசுகளுக்கு ஒரே பதிவேடு இருப்பதுதானே முறை?

வாடிவாசலில் முடிந்தது கூண்டில் முடியாதா?

‘இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம்மூரில் நடக்குமா?’ என்பார்கள். நம்மூரில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2017-க்குப் பிறகான ஜல்லிக்கட்டு விதிகளைப் பாருங்கள். மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி இல்லாமல் வாடிவாசல் திறக்காது. காளைக்குக் கால்நடை மருத்துவர், வீரருக்கு மருத்துவப் பரிசோதனை, தயார் நிலையில் ஆம்புலன்ஸ். இன்னும் காயங்களும் மரணங்களும் நிகழ்கின்றன. ஆனாலும் யார் பொறுப்பு என்று கேட்டால் பெயர் சொல்ல ஓர் அதிகாரி இருக்கிறார். நூற்றாண்டுகள் பழமையான வீரவிளையாட்டையே விதிக்குள் கொண்டுவந்த மண்ணுக்கு, நேற்று வந்த கூண்டுச் சண்டையை ஒழுங்குபடுத்துவது கடினமான காரியமா?

புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் ஒரு பக்க ஆணையில் தொடங்கலாம். குத்தும் உதையும் உள்ள எந்தப் போட்டிக்கும் ஆட்சியர் அனுமதி. களத்தருகே மருத்துவர், வாசலில் ஆம்புலன்ஸ், தலைக்காயம் பார்க்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல். முதல்முறை ஆடுவோருக்கு அமெச்சூர் விதி மட்டும். எடை பார்ப்பது போட்டி நாள் காலையில், சிறுநீர்ச் சோதனையோடு. ஆள் சேரவில்லை என்று இரண்டு எடைப் பிரிவுகளை ஒன்றாக்கத் தடை. பதினெட்டு வயதுக்குக் கீழ் எடைக்குறைப்பு என்ற பேச்சே கூடாது. நாக்-அவுட் ஆனவரின் பெயர் இரு அரசுகளும் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் அன்றே ஏற வேண்டும்.

ஆணை வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை நீட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நாலே கேள்வி கேளுங்கள். எதிராளியின் எடையும் அனுபவமும் என்ன? எடை எப்போது பார்ப்பார்கள்? மருத்துவர் யார், ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா? இன்சூரன்ஸ் இருக்கிறதா? பதில் சொல்லத் தடுமாறுகிற அமைப்பாளரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். ‘இப்போது இருக்கும் எடையிலேயே ஆடு, அந்தப் பிரிவில் பலம் சேர்ப்போம்’ என்று சொல்கிற மாஸ்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டின் வரலாற்றில் முக்கியமான விதிகள் பல, யாரோ ஒருவர் இறந்த பிறகே எழுதப்பட்டன. மணிலா ஓர் உயிரைக் கொடுத்து ஒரு பாடம் கற்றது. பெங்களூரும் சென்னையும் தங்கள் பங்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டன. அந்தப் பாடங்கள் நம் கையில் எழுத்தாகவே இருக்கின்றன. அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிர் தேவையில்லை. அடுத்த போட்டிக்கு அனுமதி கேட்டு வரும் கடிதத்தில் இந்த நிபந்தனைகளை எழுதும் ஓர் அதிகாரியின் கையெழுத்து போதும்.